நாற்பது யூனிட்

கரண்ட்டுக்கு நாம் கொடுத்திருக்கும் வினைச்சொற்கள் இரண்டுதான். போச்சு, வந்துடுச்சு. தண்ணீர் நின்றுபோகும், காஸ் தீர்ந்துபோகும், பால் திரிந்துபோகும். கரண்ட் மட்டும் ஆள் மாதிரி போகும், வரும். எங்கே போகிறது, எப்போது திரும்பும் என்று வீட்டில் இருப்பவளிடம் சொல்லிவிட்டுப் போகும் பழக்கம் அதற்கு இல்லை. "இன்னும் வரலியா?" என்று சாயங்காலம் எங்கள் தெருவில் ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டால், கேட்பது கரண்ட்டைப் பற்றியா வீட்டுக்காரரைப் பற்றியா என்று புதிதாகக் குடிவந்தவர்களுக்குப் புரியாது. இரண்டுக்கும் பதில் ஒன்றாகவே இருப்பதும் உண்டு.

போனது முதலில் யாருக்குத் தெரிகிறது? கூடத்தில் பேப்பர் படிப்பவருக்கு மின்விசிறி நின்றால்தான் தெரியும். மார்கழி மாதத்தில் அதுவும் தெரியாது. அடுக்களையில் மிக்ஸிக்குள் தேங்காய் அரையும் குறையுமாக நிற்கும். கிரைண்டரில் உளுந்து பாதி பொங்கிய நிலையில் நிற்கும். மோட்டாரைப் போட்டுவிட்டு மாடித் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தத்துக்கு ஒரு காதைக் கொடுத்தபடி துணி அலசிக்கொண்டிருப்பவளுக்கு, அந்தச் சத்தம் நின்ற கணமே அன்றைய நாளின் கணக்கு முழுவதும் மாறிவிட்டது புரிந்துவிடும்.

விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிவைத்தது எங்கள் மாவட்டத்தில்தான், திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில். அதை 'ஓசி' என்று கேலி பேசியவர்களில் ஒருவராவது ஆட்டுக்கல் குழவியைச் சுற்றியவராக இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. தோள்பட்டை தேய்ந்த பெண்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால் அடுத்த வருஷமே, 2012இல், மின்வெட்டு உச்சத்துக்குப் போனது. சென்னை மாநகரத்துக்கு அறிவிக்கப்பட்ட வெட்டு 2 மணி நேரம். சென்னைக்கு வெளியே 10, 12 மணி நேரம், சில நாட்கள் அதற்கும் மேல். அம்மா புது கிரைண்டருக்குப் பழைய புடவையில் ஓர் உறை தைத்துப் போட்டார். பிறகு கொல்லையில் கவிழ்த்து வைத்திருந்த ஆட்டுக்கல்லைப் புரட்டி நிமிர்த்தினார். "மெஷினு வந்தும் கை ஓயல பாரு" என்றார். குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பது போலச் சொன்னார்.

இவ்வளவையும் சொல்லக் காரணம், மின்சாரக் கார் ஒன்றை வாங்கப் போன இடத்தில் நான் கேட்ட முதல் கேள்வி எங்கிருந்து வந்தது என்பது தெரிய வேண்டும் என்பதற்காக.

நான் குடியிருப்பது திருவள்ளூர். பாடம் நடத்துவது கும்மிடிப்பூண்டிப் பக்கம். இரண்டு ஊருக்கும் ரயில் உண்டு. இரண்டுக்கும் நடுவே ரயில் கிடையாது. அரக்கோணம் தடத்தில் சென்னைக்குள் போய், அங்கிருந்து கூடூர் தடத்தில் மறுபடி வடக்கே ஏற வேண்டும். இல்லையென்றால் பெரியபாளையம், கவரைப்பேட்டை வழியாகச் சாலையில் ஐம்பது கிலோமீட்டர். பேருந்து மாறி மாறிப் போய் வந்து பதினோரு வருஷம் ஓட்டினேன். அப்புறம் என் பெயரில், என் சம்பளத்தில், என் கடனில் கார் வாங்குவது என்று முடிவு செய்தேன். 2023 ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம். துணைக்குத் தம்பியை அழைத்துப் போயிருந்தேன். விற்பனையாளர் பேசியது முழுவதும் தம்பியிடம். கையெழுத்து வாங்க மட்டும் என் பக்கம் திரும்பினார்.

வண்டியின் சிறப்புகளைச் சொல்லிக்கொண்டே வந்தவர் ஒரு கட்டத்தில், "இதுல இருந்து நீங்க கரண்ட் எடுத்துக்கலாம் சார். கேம்பிங் போறப்ப காபி மெஷின் போடலாம், புரொஜெக்டர் வச்சுப் படம் பார்க்கலாம்" என்றார். அந்த வருஷம் இந்த வசதி உள்ள வண்டிகள் இங்கே சாலைக்கு வந்துகொண்டிருந்தன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் பூட்டிய ஐயோனிக் 5 ஜனவரியில் வந்தது. டாடா நெக்ஸானின் புது மின்சார வண்டி செப்டம்பரில் வந்தது. சார்ஜ் போடும் அதே துவாரத்தில் ஓர் இணைப்பியைச் செருகினால், வீட்டுச் சுவரில் இருப்பது போன்ற ஒரு பிளக் பாயிண்ட் கிடைக்கும். விளம்பரங்களில் அதைப் பார்த்திருக்கிறேன். மலைச்சரிவு, கூடாரம், சரவிளக்கு, மடக்கு நாற்காலியில் சாய்ந்திருக்கும் இளைஞன்.

"மோட்டார் ஓடுமா?" என்று கேட்டேன்.

"என்ன மோட்டார் மேடம்?"

"தண்ணி மோட்டார். ஒரு ஹெச்பி."

யாரிடமோ கேட்டுவர உள்ளே போனார். தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். அவனும் வர்தா பார்த்தவன்தான். 2016 டிசம்பர் 12இல் அந்தப் புயல் கடந்தபோது எங்கள் தெருவில் ஐந்து நாள் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டரைக் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக ஒருவர் வந்தார், ஒரு டேங்க் நிரப்ப 500 ரூபாய். அவரிடம் பேரம் பேசியதும் பணம் கொடுத்ததும் ஆண்கள். அவர் வருவதற்கு முந்தைய இரண்டு நாளும் இரண்டு தெரு தள்ளி இருந்த அடிபம்பிலிருந்து மாடிக்குக் குடம் குடமாக ஏற்றியது அம்மாவும் நானும். எனக்குக் கூடாரம் தேவைப்படவில்லை.

இந்த யோசனை பொழுதுபோக்கிலிருந்து பிறந்ததும் இல்லை. 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு வடகிழக்கு ஜப்பானில் பெட்ரோலுக்கு நீண்ட வரிசை நின்றது. பல இடங்களில் பெட்ரோலுக்கு முன்பே மின்சாரம் திரும்பியதால், அங்கே அனுப்பப்பட்ட மின்சாரக் கார்கள் ஓடின. சக்கரத்தின் மேல் இவ்வளவு பெரிய பேட்டரி நிற்கும்போது வீட்டுக்கு ஏன் கொடுக்கக் கூடாது என்று கேட்டார்கள். அடுத்த வருஷமே நிசான் தன் லீஃப் காரிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுக்கும் கருவியை அங்கே விற்கத் தொடங்கியது. 2019 செப்டம்பரில் ஃபக்சாய் சூறாவளி சிபா மாகாணத்தை இருளாக்கியபோது, நிவாரண முகாம்களுக்கு லீஃப் கார்களை அனுப்பி விளக்குக்கும் விசிறிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் கொடுத்தார்கள். நம் ஒரகடத்தில் ரெனோவோடு சேர்ந்து தொழிற்சாலை நடத்திய அதே நிசான்தான். அந்தக் கார் மட்டும் இங்கே விற்பனைக்கு வரவில்லை.

விற்பனையாளர் திரும்பி வந்து, "ஓடும் மேடம், ஆனா கேரண்டி சொல்ல முடியாது" என்றார். அது நேர்மையான பதில். வண்டி கொடுப்பது 3.3 கிலோவாட் வரைக்கும். ஒரு ஹெச்பி மோட்டார் ஓடும்போது முக்கால் கிலோவாட்டிலிருந்து ஒரு கிலோவாட் வரை எடுக்கும். ஆனால் கிளம்பும் அந்த ஒரு நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். சில மோட்டார்களைத் தாங்கும், சிலவற்றுக்கு வண்டி தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்.

எனக்கு அந்த எண்கள் பிடித்திருந்தன. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு சாமானாகத் திருப்பிப் பார்த்து அடியில் ஒட்டியிருந்த சீட்டில் வாட் எவ்வளவு என்று எழுதிவைத்தேன். பத்தாண்டுகளாகக் கையாளும் பொருட்கள், ஒன்றின் வாட்டும் எனக்குத் தெரியாது. மிக்ஸி 750. ஆனால் அது ஒரு நாளைக்கு ஓடுவது மொத்தமே ஐந்து நிமிடம். மேசை கிரைண்டர் 150தான். அரை மணி ஓடினாலும் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. எல்இடி பல்பு 9. ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. இண்டக்‌ஷன் அடுப்பு 2,000, ராட்சசி. வண்டியின் பேட்டரியில் இருப்பது நாற்பது யூனிட்டும் சொச்சமும். எங்கள் மூன்று பேர் வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு மேல் வரும். அம்மா இந்தக் கணக்கை எட்டிப் பார்த்துவிட்டு, "கிரைண்டர் இவ்ளோதான் திங்குதா? உங்கப்பா அதைப் போட்டாலே பில்லு ஏறுதுன்னு திட்டுவாரே" என்றார். அப்பா செத்து ஒன்பது வருஷமாகிறது. அந்தத் திட்டுக்கு ஆதாரமே இல்லை என்பது அன்றைக்குத்தான் அம்மாவுக்குத் தெரிந்தது.

மிக்ஜாம் புயல் வருகிறது என்று டிசம்பர் முதல் வாரம் சொன்னார்கள். 3ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் வண்டியை முழுக்கச் சார்ஜ் செய்து, மேடான போர்ட்டிகோவில் ஏற்றி நிறுத்தினேன். அன்றிரவும் 4ஆம் தேதி முழுக்கவும் சென்னையிலும் எங்கள் மாவட்டத்திலும் பெய்த மழையை இதைப் படிக்கும் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். புயல் 5ஆம் தேதி ஆந்திரத்தில் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. தண்ணீரை இங்கே விட்டுவிட்டுப் போனது. எங்கள் தெருவில் திங்கள் விடியற்காலை போன கரண்ட் புதன் இரவுதான் வந்தது.

திங்கள் காலை பத்து மணிக்கு இணைப்பியைச் செருகி, கனமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஜன்னல் வழியாகக் கூடத்துக்குள் விட்டேன். ஃபிரிட்ஜ் 'ம்ம்' என்றது. பதினோராம் வகுப்புப் படிக்கும் மகள் கைதட்டினாள். மோட்டார் ஒருமுறை முனகிவிட்டுக் கிளம்பியது. பதினோரு மணிக்குள் தெருவுக்கே செய்தி போய்விட்டது.

எதிர் வீட்டு அண்ணன்தான் முதலில் குடையோடு வந்தார். ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடி வருகிறவர். இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயர் ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஒரு முனையை வண்டியில், இன்னொரு முனையை வீட்டுச் சுவர் பிளக்கில் செருகினால் வீடு முழுக்க எல்லா சுவிட்சும் வேலை செய்யும் என்றார். செய்யும், உண்மைதான். மெயின் சுவிட்சை அணைக்காமல் அதைச் செய்தால், கரண்ட் மீட்டர் வழியாகத் தெருக் கம்பிக்கும் போகும். டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை 230 ஆக இறக்குவது போல, பின்பக்கமாக வருவதை 230இலிருந்து 11,000க்கு ஏற்றவும் செய்யும். லைன் அணைந்திருக்கிறது என்று நம்பி இடுப்பளவு தண்ணீரில் நின்று கம்பத்தைத் தொடும் லைன்மேனுக்கு அது எமன். முறையாகச் செய்ய வேண்டுமென்றால் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வேண்டும்: ஒன்று வாரியம், இல்லையென்றால் வண்டி, இரண்டும் ஒருபோதும் சேராது. அது எங்கள் வீட்டில் இல்லை.

"வேணாம்ணா. பாக்ஸ்ல செருகறது மட்டும்தான்."

"மெயினை நான் ஆஃப் பண்ணி நானே நிக்கறேன்மா. உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும், நீ தமிழ் டீச்சர்."

"நீங்க சாப்பிடப் போறப்ப யாராவது ஆன் பண்ணிட்டா?"

அவர் வயரைச் சுருட்டிக்கொண்டார். கோபம்தான். ஆனால் வண்டியின் சாவி என் இடுப்பில் இருந்தது. அதை இங்கே எழுதக் கூச்சமாக இல்லை. சொத்து பெண் பெயரில் இருக்க வேண்டும் என்று மேடைகளில் நிறையப் பேசியிருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்பதை உள்ளங்கையில் உணர்ந்தது அந்தக் காலையில்தான். என் 'வேண்டாம்' அன்றைக்கு விவாதமாக மாறவில்லை. முடிவாக நின்றது.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிவந்தால் என்று இருபது சதவீதத்தை ஒதுக்கினேன். அதற்குக் கீழே இறங்கினால் தானாக நிறுத்திவிடும்படி வண்டியிலேயே வைத்துவிடலாம். மிச்சம் முப்பத்திரண்டு யூனிட். எத்தனை நாள் ஆகும் என்று தெரியாது. ஒரு பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் பட்டியல் எழுதத் தொடங்கினேன். யார் வீட்டில் இன்சுலின் இருக்கிறது? மூன்று வீடுகளில், மூன்றும் எங்கள் ஃபிரிட்ஜுக்கு வந்தன. யார் வீட்டு மோட்டாருக்கு வயர் எட்டும்? இரண்டு வீடுகளுக்கு. ஒன்று ஓடியது, பக்கத்து வீட்டு ஒன்றரை ஹெச்பி போர் மோட்டாருக்கு வண்டி உடனே நிறுத்திக்கொண்டது. அவர்களுக்கு எங்கள் தொட்டியிலிருந்து குழாய் போட்டோம். மாவு அரைக்க ஒரு மணி நேரம். கைபேசிகளுக்கு ஒரு பலகை.

வந்தவர்கள் கேட்டதை வைத்து ஒரு கவிதை எழுதியிருக்கலாம், எழுதவில்லை. ஆண்கள் கேட்டது பெரும்பாலும் டிவி, வைஃபை: "நியூஸ் பார்க்கணும்ல." டிவிக்கு அதிகம் ஆகாது, ஒரு யூனிட்டில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதனால் மறுக்கவில்லை, பட்டியலில் கீழே போட்டேன். பின் வீட்டு மாடி அறையில் நான்கு பெண்கள் இருக்கிறார்கள், தென்மாவட்டங்களிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்கள். அவர்கள் கேட்டது கைபேசி சார்ஜ். கம்பெனி பஸ் வருமா வராதா என்று குழுவில் செய்தி போடுவார்கள். வந்து, இவர்கள் போகாவிட்டால் அந்த மாத வருகை ஊக்கத்தொகை போய்விடும். புயலில் பஸ் எப்படி வரும் என்று நான் கேட்டதற்கு, "வரலைன்னு அவங்க சொல்லணும் மேடம், நாமளா நெனச்சுக்கக் கூடாது" என்றாள் ஒருத்தி. வயது இருபத்தொன்று இருக்கும்.

கடைசியாக வந்தவர் தெருமுனைத் தையல் அக்கா. வாசலிலேயே நின்றார். வெள்ளிக்கிழமை ஒரு மொய்விருந்துக்காரர்களுக்கு ஒன்பது ரவிக்கை கொடுக்க வேண்டும், கொடுத்தால்தான் கூலி, மெஷினை இங்கே தூக்கி வந்து இரண்டு மணி நேரம் தைத்துக்கொள்ளலாமா என்றார். கூடத்தில் நின்றிருந்த ஒருவர், "ஊரே முழுகிட்டிருக்கு, இப்பப் போயி ஜாக்கெட்டா?" என்றார். சிலர் சிரித்தார்கள். தையல் மெஷின் மோட்டார் 100 வாட். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு. இதை நான் உரக்கப் படித்தேன். அப்போதும் ஒருவருக்கு ஒப்பவில்லை: "யூனிட்டு பிரச்சனை இல்லம்மா, எமர்ஜென்சின்னு ஒண்ணு இருக்குல்ல."

எது எமர்ஜென்சி என்பதுதான் பேச்சே. செய்தி பார்ப்பது அவசரம், கூலி சம்பாதிப்பது பிடிவாதம் என்று யார் வகுத்தது? அக்காவின் வீட்டுக்காரர் குடித்தே போனவர். அந்த ஒன்பது ரவிக்கையின் கூலிதான் அந்த வாரத்து அரிசி. தையல் மெஷினை டிவிக்கு மேலே எழுதினேன். செவ்வாயும் புதனும் சாயங்காலம் நான்கு முதல் ஆறு வரை எங்கள் கூடத்தில் அந்த மெஷின் ஓடியது. அம்மா பட்டன் தைத்துக் கொடுத்தார்.

இரண்டாம் இரவு எல்லோரும் போன பிறகு, ஒற்றை பல்பின் கீழே நெடுநல்வாடை நினைவுக்கு வந்தது. பாடம் நடத்தி நடத்தித் தேய்ந்த இடம். விடாத வாடை மழையில் பகலா இரவா என்று தெரியாத பெண்கள், தட்டில் இட்டுவைத்த அரும்புகள் மலரும் மணத்தை வைத்து மாலை வந்ததை அறிந்து விளக்கேற்றுவார்கள். வெளிச்சத்துக்கான நேரம் அவர்கள் மூக்கில் இருந்தது. அரண்மனைக்குள் போனால் யவனர் வடித்த பெண்ணுருவம் ஒன்று விளக்கைத் தாங்கி நிற்கும். வகுப்பில் இதை யவன வணிகத்துக்குச் சான்றாகத்தான் சொல்லிக் கடப்பேன். கடல் கடந்து வந்த தொழில்நுட்பத்தைக்கூடப் பெண்ணாக்கி, கையில் விளக்கைக் கொடுத்து நிற்க வைத்திருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

புதன்கிழமை வேறொன்றைக் கவனித்தேன். திங்களன்று தெருவிலிருந்து ஆளாளுக்குப் புகார் சொல்லப் போன் செய்துகொண்டிருந்தார்கள். புதன்கிழமை எங்கள் வரிசையில் ஒருவரும் செய்யவில்லை. பாதி வீடுகளில் இன்வெர்ட்டர், மீதிக்கு என் வண்டி. பின்னாலிருந்த காலனியில் ஒன்றுமே இல்லை. ஆனால் போன் செய்தால் மதிக்கப்படும் குரல்கள் இந்த வரிசையில்தான் இருந்தன, அவை அடங்கிவிட்டன. தனித்தனியாக வெளிச்சம் வாங்கிக்கொண்டவர்கள் பொது இருட்டைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிடுகிறார்கள். 2012இல் இன்வெர்ட்டர் வாங்கிய வீடுகளிலும் இதுதான் நடந்தது. இந்தக் கார் இருபது லட்சத்தை நெருங்கும் இன்வெர்ட்டர். என் பட்டியல் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் அது என் வயர் எட்டும் தூரத்து நியாயம். அன்று காலனிப் பெண்கள் இருவரையும் தையல் அக்காவையும் கூட்டிக்கொண்டு புகார் சொல்ல நேரில் போனோம். அதனால்தான் கரண்ட் வந்தது என்று சொல்ல மாட்டேன். சாய்ந்த கம்பங்களை நிமிர்த்த மூன்று நாளாகத் தூங்காமல் நின்றவர்களால் வந்தது.

அந்த நாற்பது யூனிட் எங்கிருந்து வந்தது என்பதும் இருக்கிறது. இதே மாவட்டத்தில் அத்திப்பட்டில் வட சென்னை அனல்மின் நிலையம், அப்போது 1,830 மெகாவாட். பக்கத்திலேயே வல்லூர், 1,500 மெகாவாட். கம்பியில் கலந்த பிறகு எந்த யூனிட் எந்த உலையில் பிறந்தது என்று பிரிக்க முடியாது. ஆனாலும் நிலக்கரியில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 700 கிராம் எரிய வேண்டும். நாற்பதுக்கு 28 கிலோ. இந்திய நிலக்கரி என்றால் அதில் பத்து கிலோவரை சாம்பல். செப்பாக்கத்தில் சாம்பல் குளத்தை ஒட்டிக் குடியிருக்கும் பெண்கள் துணி காயப்போடும் கொடியில் அது படிகிறது. எண்ணூர் முகத்துவாரத்தில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களின் நகக்கண்ணில் அது ஏறுகிறது. என் வண்டிக்குப் புகைபோக்கி இல்லை, அவர்கள் ஊரில் இருக்கிறது.

கல்லூரி திறந்த பிறகு, வகுப்பில் புயல் நாட்களைப் பற்றி எழுதச் சொன்னேன். விடுதியில் தங்கியிருந்த மாணவி ஒருத்தி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். ஊருக்குப் போக முடியாத அறுபது பெண்கள். இரண்டு நாள் கழிப்பறையில் தண்ணீர் இல்லை. அவளுக்கு மாதவிலக்கின் இரண்டாம் நாள். மழைத்தண்ணீரை வாளியில் பிடித்துக் கதவுக்குப் பின்னால் வைத்து, அதற்கும் முறை போட்டார்கள். "அலுவலக ஜெனரேட்டர் ஓடிய சத்தம் எங்களுக்குக் கேட்டது" என்று ஒரு வரி. அவ்வளவுதான், அதற்கு மேல் குற்றச்சாட்டு எதுவும் எழுதவில்லை.

ஜெனரேட்டர் அலுவலகத்துக்கும் கணினி அறைக்கும் கருத்தரங்கக் கூடத்துக்கும் இணைந்திருந்தது. விடுதிக்கு இல்லை. என் முதல் எண்ணம் அடுத்த முறை வண்டியை விடுதி வாசலில் நிறுத்துவது என்பதுதான். எலக்ட்ரீஷியன் தலையாட்டினார்: "மேடம், ஹாஸ்டல் மோட்டாரு த்ரீ ஃபேஸ். உங்க வண்டி குடுக்கறது சிங்கிள் ஃபேஸ். ஒரு இஞ்சு கூட நவுத்தாது." நல்லதாகப் போயிற்று. ஓடியிருந்தால் நான் அதோடு நிறுத்தியிருப்பேன், அவர்கள் ஒவ்வொரு புயலுக்கும் தமிழ் மேடத்துக்குக் காத்திருப்பார்கள்.

அதற்குப் பதிலாக இரண்டு வகுப்புகளைச் சிலப்பதிகாரத்திலிருந்து திருடி வாட்டுக்கும் யூனிட்டுக்கும் கொடுத்தேன். மாணவிகள் விடுதி முழுக்கச் சுற்றி ஒவ்வொரு பல்பையும் எழுதினார்கள். காலையும் மாலையும் இருபது நிமிடம் மோட்டார் ஓடினால் எவ்வளவு டீசல், கணினி அறையில் யாருமில்லாமல் ஓடும் ஏசிக்கு எவ்வளவு டீசல் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து மனு எழுதினார்கள். டீசல் செலவு என்று முதலில் பதில் வந்தது. கணக்கோடு மறுபடி போனார்கள். நான்கு மாதம் ஆனது. விடுதி மோட்டாருக்கும் கழிப்பறை விளக்குகளுக்கும் சேஞ்ச் ஓவர் போட்டார்கள். ஜெனரேட்டர் அறைச் சாவியில் ஒன்று வார்டனிடம் இருக்க வேண்டும் என்பது மனுவின் கடைசி வரி. அதற்குத்தான் அதிக எதிர்ப்பு. பெண்பிள்ளைகள் அங்கே போய் என்ன செய்வார்கள் என்று கேட்டார்கள். மோட்டாரைப் போடுவோம் என்றார்கள்.

இப்போது அந்த அறையின் கதவு உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பச்சை மையில், இறுதியாண்டுப் பெண்ணின் கையெழுத்தில்: 1. மோட்டார், 20 நிமிடம். 2. பாத்ரூம் லைட். 3. சிக் ரூம் ஃபேன். 4. ஸ்டடி ஹால். 5. சார்ஜர். அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில், பென்சிலால்: 6. வாட்ச்மேன் அண்ணன் ரூம் லைட்.